மங்கலாகத் தெரிகிறது என்றார் செல்வராசு

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டுகிறீர்கள். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் முகத்தை லேசாகச் சாய்த்து, "அப்போ உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருந்திருக்கு" என்கிறீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மனநல ஆலோசகராக என் காலம் முழுவதும் நானும் அதைத்தான் செய்தேன். உங்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வேன். அப்படி நன்றாகச் செய்து, ஒரு மனிதரைச் சாவின் விளிம்புவரை அனுப்பிவைத்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் வெற்றிகளை எழுதச் சொல்லித்தான் உங்கள் ஆசிரியை கேட்டார். அவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், விட்டுவிடுவோம்.

மனிதநேய உளவியலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருச்சியில் ஒரு பேராசிரியர். வருகிறவரை நோயாளியாகப் பார்க்காதே என்பார். ஒவ்வொரு மனிதனும் வளர்வதற்கு வேண்டியது அவனுக்குள்ளேயே இருக்கிறது. நீ புத்தி சொல்லாமல், தீர்ப்பு சொல்லாமல் இடம் கொடுத்தால் போதும், வழியை அவனே கண்டுபிடித்துக்கொள்வான் என்பார். அதற்கு நாம் முகமூடி இல்லாமல் இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனை இல்லாமல் ஏற்க வேண்டும், அவர் உள்ளே நின்று உலகத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக மதம் மாறியவர்கள் நம்புவதுபோல நான் இதை நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு தொண்ணூற்றாறில் பெரம்பலூருக்கு வந்தேன். ஒரு அறக்கட்டளை நடத்திய ஆலோசனை மையம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை. முதல் சில மாதங்களில் உள்ளே வந்தவர்களில் பாதிப்பேர் ரத்தப் பரிசோதனை எடுக்கும் இடம் என்று நினைத்து வந்தவர்கள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் துபாயில், மாமியார் வீட்டில். ஒரு மணி நேரம் பேசினார், நான் ஒரு மணி நேரம் தலையாட்டினேன். முடிவில், "எல்லாம் சரிம்மா, நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்றார். "அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றேன் கனிவாக. "அதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்? வூட்லயே உக்காந்து கண்டுபிடிச்சிருப்பேனே" என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று அன்றைய குறிப்பில் எழுதினேன்.

பிறகு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வந்து உட்காரக் கேட்டார்கள். ஆலை மருந்தகத்துக்குப் பக்கத்து அறை. முதல் நாள் தொழிலாளர்களைக் கூட்டி, மனிதத் தேவைகளைக் கோபுரமாகப் பலகையில் வரைந்து விளக்கினேன். அடியில் சோறு, உறக்கம், அதன்மேல் பாதுகாப்பு, அதன்மேல் அன்பு, மதிப்பு, உச்சியில் தன் முழு ஆற்றலையும் உணர்ந்து வாழ்தல். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஃபோர்மேன் கலியபெருமாள் எழுந்து, "மேடம், அந்த மேல் மாடிக்குப் போறவங்களுக்கு எந்த ஷிஃப்டு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகமூடி இல்லாமல் இருக்க வேண்டும் அல்லவா.

செல்வராசு என்னிடம் வந்தது இரண்டாயிரமாவது ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால். சுரங்கத்தில் டம்பர் ஓட்டுநர். கல்லை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே வரும் அந்தப் பெரிய வண்டியைப் பதினான்கு வருடமாக ஓட்டியவர். நாற்பது வயது, அதிர்ந்து பேசாதவர். திடீரென்று காலை ஷிஃப்ட் மட்டும்தான் வருவேன், இருட்டில் வண்டி எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். காரணம் கேட்டதற்கு, மேட்டு வளைவில் முனி நிற்கிறது என்றார். ஆலை மருத்துவர் சோதித்துப் பார்த்தார். கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்தார் செல்வராசு. உடம்பில் கோளாறு இல்லை, ஆகவே மனதில்தான் என்று என்னிடம் அனுப்பினார்கள்.

"இருட்டினா வந்துடும் மேடம். வளைவுல நிக்கும். வெள்ளையா."

முனி உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவர் உலகத்தை ஏற்றுக்கொள்வதுதானே என் வேலை? "அது நிக்கறப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எப்படிங்க இருக்கும்? பயமாத்தான் இருக்கும்."

தொழிலாளியின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். நிர்வாகமும் மதித்தது. வளைவில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வேட்டி கட்டி, கலியபெருமாள் தலைமையில் பொங்கல் வைத்தார்கள். முனி திருப்தி அடைந்திருக்கும். செல்வராசு மட்டும் காலை ஷிஃப்டைத் தவிர வேறெதற்கும் வரவில்லை.

செவ்வாய் செவ்வாயாக வந்தார். மாடு பற்றிப் பேசினார், முந்திரிக் காட்டில் பூச்சி விழுந்தது பற்றிப் பேசினார். நான் அவசரப்படுத்தவில்லை, திட்டவில்லை, சந்தேகப்படவும் இல்லை. ஐந்தாவது வாரம் வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். வெளில போகக்கூடாது."

"போகாது."

"எனக்கு எல்லாம் மங்கலாத் தெரியுது மேடம். பொழுது சாஞ்சா முன்னாடி ஒண்ணுமே தெரியல. பகல்லயும் பக்கத்துல என்ன வருதுன்னு தெரிய மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் இருட்டு வந்து மூடிக்கிட்டே வருது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு டம்பர் ஓட்டுநர் தன் வாழ்க்கையை இத்தனை அழகாகச் சொல்வாரா? கண்கள் பனிக்க, குரலைத் தாழ்த்தி, "எதிர்காலமே இருண்டு போனமாதிரி இருக்கு. பக்கத்துல துணைக்கு யாருமே இல்லைன்னு தோணுது" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ யோசித்தார். பிறகு மெல்ல, "அப்படியும் சொல்லலாங்க" என்றார்.

அன்று என் நோட்டில் 'திருப்புமுனை' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

அதற்குப் பிறகான மூன்று வாரங்கள் என் பணிக்காலத்தின் மிக அழகான உரையாடல்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "வெளிச்சம் தெரியுதா?" என்பேன். "போன வாரத்துக்கு இப்ப தேவலாங்க" என்பார். எட்டாவது வாரம், "இனிமே நான் வண்டி எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டார். புத்தி சொல்லக்கூடாது என்ற விதியை அன்று ஒருமுறை தளர்த்தினேன். "வெளிச்சம் உங்களுக்குள்ளேயே இருக்கு செல்வராசு. தைரியமாப் போங்க, பாதை தானாத் தெரியும்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பணியாளர் அலுவலருக்குக் கடிதம் எழுதினேன்: இவர் தம் அச்சத்தை எதிர்கொண்டு மீண்டுவிட்டார், எல்லா ஷிஃப்டுக்கும் தகுதியானவர்.

அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். பெரம்பலூர் மையத்துக்கு ஒரு பெண் பையோடு வந்தார். செல்வராசுவின் மனைவி தனக்கொடி. தம்பி மனைவியை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர், அப்படியே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"நீங்க அவரு கண்ணுக்கு வைத்தியம் பாத்ததுலதாங்க மனுசன் மறுபடி சிரிக்கிறாரு."

"கண்ணுக்கா?"

"ஆமாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். சொட்டு மருந்து ஒண்ணும் கெடையாதுங்களா? பேச்சுலயே சரியாப் போயிடும்னு மேடம் சொல்லிட்டாங்கன்னாரு. ஆனா வெளக்கு எரியறப்பவே தட்டு எங்க இருக்குன்னு தடவுறாரு. பொண்ணு குறுக்க போனா இடிச்சுக்கிறாரு. இன்னும் எத்தன வாரம் வரணுங்க?"

"இன்னைக்கு அவருக்கு எந்த ஷிஃப்ட்?" என்று மட்டும் கேட்டேன்.

"செகண்ட் ஷிஃப்டுங்க. ரெண்டு மணிக்குப் போயிருப்பாரு. மொத நாளு."

கார்த்திகை மாதம். வெளியே மேகம் மூடிக்கிடந்தது. அன்று ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டிவரும்.

ஆலைக்குப் போன் செய்தேன். பணியாளர் அலுவலர் உற்சாகமாக இருந்தார்.

"வாங்க மேடம், உங்க லெட்டரைப் பத்தித்தான் ஜி.எம். பெருமையா பேசிக்கிட்டிருந்தாரு."

"சார், அந்த லெட்டர் தப்பு. நான் அதை வாபஸ் வாங்கறேன். செல்வராசுவை உடனே வண்டியிலேர்ந்து இறக்கணும்."

"ஏன்?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கண் தெரியவில்லை என்று நான் சொல்லிவிட்டால் அவர் வேலை போய்விடும். வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வாக்கை மீறலாம், மீற வேண்டும் என்று விதி இருக்கிறது. அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மீற மனம் வரவில்லை. "காரணம் இருக்கு சார், நேர்ல வந்து சொல்றேன், முதல்ல இறக்குங்க" என்றேன்.

"காரணம் சொல்லாம எப்படிங்க மேடம்? நேத்து ஃபிட்டுன்னீங்க, இன்னைக்கு இறக்குங்கறீங்க. ஆள் பத்தாம ஓட்டிக்கிட்டிருக்கோம். நாளைக்கு மீட்டிங் போட்டுப் பேசுவோமே."

ஜன்னலில் மழைத்துளி விழ ஆரம்பித்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"சார், அவருக்கு மறுபடியும் முனி தெரியுது."

"அய்யய்யோ, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? உடனே இறக்கச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

முகமூடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவள், அரை விநாடியில் ஒரு முனியை மாட்டிக்கொண்டேன். உண்மை அரை மணி நேரம் கெஞ்சியிருந்தாலும் நடந்திருக்காத காரியத்தைப் பொய் உடனே முடித்தது. இதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்று என்னைக் கேட்காதீர்கள். முதலிலேயே கண் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பொய்யை நம்பாமல் அலுவலர் அவரை இறக்காமல் விட்டிருந்தால்?

போனில் சொன்னதை நம்பி உட்கார முடியவில்லை. தனக்கொடியும் நானும் அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "திருச்சிக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்னு அப்பவே சொன்னேங்க. அதான் மேடம் பாக்கறாங்களேன்னாரு" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தலையாட்டவும் முடியவில்லை.

சுரங்கத்தின் மேல் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தில் டம்பர்கள் விளக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தன. பெஞ்சில் செல்வராசு உட்கார்ந்திருந்தார். அவரை உயிரோடு பார்த்ததும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கலியபெருமாள், "ரெண்டு டிரிப்பு அடிச்சிட்டாருங்க. மூணாவதுக்கு ஏறப் போனப்பதான் ஆர்டர் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"நீங்கதான் எறக்கச் சொன்னீங்களா மேடம்? சரியாப் போயிடும்னு சொன்னீங்களே?"

"செல்வராசு, நான் கண்ணைப் பத்திப் பேசல. நான் உங்க மனசைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனசு நல்லாத்தானே மேடம் இருந்துச்சு."

பிறகு அவரே சொன்னார். நான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, வெளியில் யார் காதிலும் விழாமலிருக்கப் பூடகமாகப் பேசுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். படித்தவர்கள் எவ்வளவு பக்குவமாக ரகசியம் காக்கிறார்கள் என்று மனைவியிடம் மெச்சியிருக்கிறார். தேவலாம் என்று அவர் சொன்னதெல்லாம் பொன்னாங்கண்ணிக் கீரை தின்ற நம்பிக்கையில். முனி? முனி ஆரம்பத்திலிருந்தே பொய். கண் என்றால் வண்டி போய்விடும், முனி என்றால் ஷிஃப்ட்தான் மாறும் என்று யோசித்துச் சொன்னது.

ஆக, அவர் பொய் சொன்னபோது அதை வார்த்தைக்கு வார்த்தை ஏற்றுக்கொண்டேன். உண்மை சொன்னபோது உவமை என்று ரசித்தேன்.

"என்ன காரணம் சொன்னீங்க?" என்றார் கலக்கத்தோடு.

"முனி."

அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "அப்ப முனின்னே இருக்கட்டும் மேடம். நாளைலேர்ந்து காலை ஷிஃப்டு பாத்துக்கறேன். பகல்ல ஓட்டிடுவேன்."

"பக்கத்துல வர்றது பகல்லயும் தெரியலன்னு சொன்னீங்களே?"

முதல்முறையாக அவரிடம் நான் கேட்ட நேரான கேள்வி அது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடது பக்கம் நின்று கைகாட்டிய ஆள் கண்ணில் படவே இல்லை, அவர் எகிறிக் குதித்ததால் தப்பினார் என்றார். இரண்டு மாதம் முன்பு, நல்ல வெயிலில். அந்த ஆள் வேறு யாருமில்லை, கலியபெருமாள். வளைவில் நின்ற முனிதான் தன்னைத் தள்ளிக் காப்பாற்றியது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல நீங்க வண்டியைத் தொடக்கூடாது" என்றேன். "நீங்களே கலியபெருமாள்கிட்ட சொல்லுங்க. சொல்லலைன்னா நான் சொல்லுவேன். இதுல உங்க விருப்பத்தை நான் கேக்கல."

"இத்தன நாளு ஒண்ணுமே சொல்ல மாட்டேன்னு இருந்தீங்க. இப்ப இப்படி ஒரே போடாப் போடுறீங்களே மேடம்."

"சொல்லுங்க மாமா" என்றார் பக்கத்தில் நின்ற தனக்கொடி. "அந்த ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்கு."

செல்வராசு எழுந்து போனார். கலியபெருமாளிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கலியபெருமாள் முதலில் ஏதோ கத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தார். சற்றுப் பொறுத்துக் கொட்டகை விளக்குக்குக் கீழே அவரை நிறுத்தி, "என் மூக்கையே பாரு" என்றார். தன் கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார்.

"இது தெரியுதா?"

"இல்ல."

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "இப்ப?"

"இல்லண்ணே."

இன்னும் முன்னால். "இப்ப?"

"ம். இப்ப வந்துடுச்சு."

கலியபெருமாள் விரலை ஆட்டுவதை நிறுத்தினார். அந்தக் கையாலேயே செல்வராசுவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அதுக்கும் பின்னாடியில்லடா நின்னேன்" என்றார். ஒன்பதாவது வகுப்புவரை படித்தவர். எட்டு வாரத்தில் நான் தெரிந்துகொள்ளாததை இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டார்.

விழித்திரை நோய் என்றார்கள் திருச்சியில். ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் எழுத்துப் பலகையில் தேறினார். குணப்படுத்த வழியில்லை. கலியபெருமாளும் தொழிற்சங்கத்துக்காரர்களும் விடாமல் நடந்து, டூல் ரூமில் பகல் வேலை வாங்கிக்கொடுத்தார்கள். செல்வராசு எனக்கு நன்றி சொல்லவில்லை. வழியில் பார்த்தால், பார்க்காததுபோலப் போனார். ஒருவேளை உண்மையாகவே பார்க்கவில்லையோ என்னவோ. அடுத்த வருடம் ஆலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பணியாளர்களிடம் தேவையற்ற அச்சங்களை ஊக்குவித்ததாகக் காரணம் எழுதியிருந்தார்கள்.

திருச்சிப் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார், அல்லது தேற்றுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் அதை உவமைன்னுதான் எடுத்திருப்பேன்" என்றார். அதைவிடப் பயமூட்டும் பதில் எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

நம் முறை தப்பு என்று சொல்ல வரவில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவர் என்னிடம் சொன்னார். ஐந்து வாரம் திட்டாமல், சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்ததால்தான் சொன்னார். முறை தன் வேலையைச் சரியாகச் செய்து அவரை வாய் திறக்கவைத்தது. அந்த நேரத்தில் நான் என் கனிவை ரசித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மங்கலாகத் தெரிகிறது என்றால் முதலில், "எது மங்கலாத் தெரியுது? எப்பலேர்ந்து?" என்று கேளுங்கள். அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கும்.

இரண்டாயிரத்தேழில், நான் பெரம்பலூரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம், செல்வராசு மையத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் கையைப் பிடித்து அழைத்துவந்து, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போனாள்.

"மனசு சரியில்ல மேடம்" என்றார். "இந்த வாட்டி மனசுதான்."

நான் தலையாட்டவில்லை. ஆட்டினாலும் அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. "இப்ப எவ்வளவு தெரியுது, செல்வராசு? என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் முகத்தை மெல்ல அப்படியும் இப்படியும் நகர்த்தி என்னைத் தேடிப் பிடித்தார்.

"மூக்கு தெரியுது. வாய் பாதி தெரியுது. காது தெரியல."

"கொஞ்சம் திரும்பி உக்காரட்டுமா?"

"வேணாங்க" என்றார். "காது அங்கதான் இருக்கும்னு நம்பித்தான் வந்திருக்கேன். சொல்லவா?"